வேலூர் வெயில்ல ஒரு ஃபிளமெங்கோ கிட்டார்: மேடைல வாசிக்கறவங்களுக்கு அளவெடுத்து செய்யறது எப்படி

நான் செஞ்ச மொத ஃபிளமெங்கோ கிட்டார், அதாவது ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வாசிக்கற கிட்டார், பத்தே நாள்ல திரும்பி வந்துச்சு. வாங்குனது காட்பாடி தம்பி ஒருத்தன், வாசிப்புதான் அவனுக்கு சோறு, வாரத்துல மூணு நாள் சென்னைல ஓட்டல், நடுவுல டான்ஸ் ப்ரோகிராம், ஞாயித்துக்கிழமை காலைல சர்ச். பட்டறைல வந்து ஒக்காந்தான், ஒண்ணும் பேசல, கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல சுண்டுவிரல விட்டு காட்டுனான். தடையே இல்லாம உள்ள போச்சு. "அண்ணா, மரம் சூப்பரா கீது, சத்தம் சூப்பரா கீது. ஆனா இது கிளாசிக்கல்ணா"ன்னான். ஸ்கேல் வச்சு பாத்தா பிரிட்ஜ்கிட்ட, அதாவது பலகை மேல கம்பி கட்டற கட்டைகிட்ட, பலகைல இருந்து கம்பி 10.5 எம்எம் ஒசரத்துல நிக்குது. அவனுக்கு வேண்டியது 8. அந்த ரெண்டரை எம்எம்ம நான் செஞ்சு முடிச்ச கிட்டார்ல தேடுனேன், ஆனா அது வரைபடம் போடும்போதே தொலைஞ்சு போச்சு. அதனால இந்த வழிகாட்டிய பின்னாடி இருந்து முன்னாடிதான் சொல்ல போறேன், அந்த 8 எம்எம்ல ஆரம்பிச்சு.

ஏன் 8னா, ஃபிளமெங்கோல வலது கை கம்பியோட நிக்கறதில்ல. ரஸ்கியாடோன்னு நாலு விரலையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு சுண்டி விடறாங்க, அதுக்கு நடுவுல கோல்பேன்னு நகத்தால பலகை மேலயே தாளம் தட்டறாங்க. கம்பி ஒசரமா இருந்தா விரல் பலகைக்கு எறங்கி ஏறறதுக்குள்ள தாளம் போயிடும். கிளாசிக்கல்ல பிரிட்ஜ்கிட்ட 10ல இருந்து 12 வரைக்கும் சாதாரணம், அவங்க பலகைய தட்டறதில்ல. ரெண்டாவது விஷயம் சத்தம். பளீர்னு எழும்பி சட்டுனு அடங்கணும். உறுமி மாதிரி இழுத்துனு போக கூடாது, உடுக்கை அடி மாதிரி இருக்கணும். லேசான ஒடம்பு, மெல்லிசான பலகை எல்லாம் அதுக்காகத்தான். முடிச்ச கிட்டார் ஒண்ணே கால் கிலோல இருந்து ஒண்ணரைக்குள்ள வந்தா நீங்க சரியான ரோட்டுல இருக்கீங்க.

வாசிக்கறவங்கள அளவெடுக்கறது

டைலர் மாதிரிதான். ஆனா டேப்ப எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அவங்க பழைய கிட்டார வாசிக்க சொல்லி பாருங்க, பேச்சு குடுக்காதீங்க. கோல்பே எங்க விழுதுன்னு பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் எடம் மாறும். சிலபேர் மெல்லிசு கம்பி பக்கம் மட்டும்தான் தட்டுவாங்க, சிலபேர் மேல்பக்கம் கட்டைவிரல் எறங்கற எடத்துலயும் அடிப்பாங்க. பழைய கிட்டார்ல பாலிஷ் தேஞ்சு போன எடமே சொல்லிடும்.

அப்பறம் அளவு. நட்டுல, அதாவது கழுத்தோட தலைப்பக்கம் கம்பி ஏறி போற துண்டுல, அகலம் 52 எம்எம், பிரிட்ஜ்ல மொத கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் 58, ஸ்கேல், அதாவது நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம், 650, இதுதான் பொதுவா ஓடற கணக்கு. கை பெருசா இருந்தா 655 கேப்பாங்க. கழுத்தோட கனம் மொத ஃபிரெட்ல 21, 22 எம்எம், ஃபிரெட்னா கழுத்து மேல குறுக்கால பதிக்கற உலோக கம்பி. இத அளவுகோல வச்சு மட்டும் நம்பாதீங்க, அவங்களுக்கு புடிச்ச கிட்டாரோட கழுத்துக்கு அட்டைல அச்சு வெட்டி எடுத்து வச்சுக்கோங்க, ஒரே 21 எம்எம்ல தட்டையாவும் செதுக்கலாம் உருண்டையாவும் செதுக்கலாம், கைக்கு அது ரெண்டும் வேற வேற.

கேட்டே ஆகவேண்டியது இன்னொண்ணு, எங்க வாசிக்க போறீங்கன்னு. எங்க தம்பியோட வாரத்த பாருங்க, ஓட்டல்ல 20 டிகிரி ஏசி, அடுத்த நாள் ஆற்காடு பக்கம் கல்யாண மண்டபம், அங்க ஃபேன் காத்தும் சமையக்கட்டு ஆவியும். மைக் வச்சா வாசிக்கறான், இல்ல சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்பற பிக்கப் உள்ள வேணுமா? பிக்கப் வேணும்னா இப்பவே சொல்ல சொல்லுங்க, சாடிலுக்கு, அதாவது பிரிட்ஜ்ல கம்பி மேல ஒக்கார்ற எலும்பு துண்டுக்கு, அடில பட்டை மாதிரி போற வகைன்னா அது ஒக்கார்ற காடியோட அடிமட்டம் தட்டையா, பிசிறு இல்லாம இருக்கணும். அப்பறமா தோண்டுனா ஆறு கம்பில ஒண்ணு ஊமையாயிடும்.

காகிதத்துல ஜெயிக்க வேண்டிய கணக்கு

நான் கோட்ட விட்டது இங்கதான், அதனால கொஞ்சம் மெதுவா வாங்க. பிளைவுட் மேல ஆளுயரத்துக்கு பிரவுன் பேப்பர் ஒட்டி, பக்கவாட்டுல இருந்து பாக்கற மாதிரி கிட்டார ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல வரைங்க. பலகைமட்டத்த ஒரே நேர்கோடா போடுங்க, எல்லா ஒசரத்தையும் அந்த கோட்டுல இருந்து அளக்கணும்.

கழுத்து மேல ஒட்டற ஃபிங்கர்போர்டு பலகை 6 எம்எம், அது மேல ஃபிரெட் 1, ஆக ஃபிரெட்டு தலை 7. பன்னெண்டாவது ஃபிரெட்ல தடிச்ச கம்பி ஃபிரெட்டுக்கு மேல 3 எம்எம் நிக்கணும், ஆக அங்க கம்பி 10. நட்டுல கம்பி ஃபிரெட்டு மட்டத்துக்கு மேல அரை எம்எம், கழுத்து பலகையோட ஒரே நேரா இருந்தா அங்க கம்பி ஏழரை. நட்டுல ஏழரை, சரிபாதி தூரத்துல இருக்கற பன்னெண்டாவது ஃபிரெட்ல 10, அப்ப இன்னொரு பாதி தூரம் போய் பிரிட்ஜ்ல பன்னெண்டரை வரும். பலகைய நாம லேசா குவிச்சு கட்டுவோம், பிரிட்ஜ் எடத்துல ஒரு 2 எம்எம் எழும்பி நிக்கும், அத கழிச்சா பத்தரை. தம்பி விரல விட்டு காட்டுனது இந்த பத்தரைதான்.

கழுத்தோட நட்டு முனைய கம்பி பக்கமா ரெண்டரை எம்எம் தூக்குங்க. இப்ப நட்டுல 10, பன்னெண்டுல 10, பிரிட்ஜ்லயும் 10. குவிவு 2 போனா 8. வேலை முடிஞ்சுது. கழுத்த மேல தூக்குனா கம்பி ஒசரும்னுதான் எல்லார் மனசுலயும் வரும், எனக்கும் அப்படிதான் தோணுச்சு. ஆனா பன்னெண்டாவது ஃபிரெட்ல 3ன்னு நீங்க கட்டி போட்டுட்டா ஏத்த மரம் மாதிரிதான், இந்த முனை ஏறுனா அந்த முனை எறங்கும்.

கம்பி கட்டுன அப்பறம் நைலான் ஆறும் சேந்து 40 கிலோ பக்கம் இழுக்கும், கழுத்து ஒரு மயிரிழை முன்னாடி வரும், பலகையும் கொஞ்சம் எழும்பும். அதுக்கு ஃபிங்கர்போர்ட கடைசில இழைக்கும்போது அரை எம்எம் கைல வச்சுக்கோங்க. ரெண்டரை எம்எம்ம அப்படி இழைச்சு எடுக்க முடியாது, நான் பண்ணி பாத்து ஒரு நல்ல கருங்காலி பலகைய வீணாக்குனேன்.

மரம்

முன்பலகைக்கு ஐரோப்பா ஸ்ப்ரூஸ். இதுக்கு நம்ம ஊர்ல மாத்து கெடையாது, இறக்குமதி சரக்குதான். ரெண்டு பலகையா, புஸ்தகம் விரிச்ச மாதிரி ஜோடியா வரும். ரேகை நெருக்கமா, நேரா, பலகைக்கு செங்குத்தா நிக்கணும். ஓரத்துல ஒரு சிராய் பிளந்து பாருங்க, சிராய் பலகையோடவே ஓடணும், கீழ எறங்கி ஓடுச்சுன்னா அந்த பலகை மெல்லிசாக்குனா ஒடியும். காதுகிட்ட புடிச்சு தட்டுனா வெங்கல தட்டு மாதிரி கணகணக்கணும். நிறத்த பாக்காதீங்க, வெள்ளையா இருக்கறது கண்ணுக்குத்தான் அழகு.

பக்கத்துக்கும் முதுகுக்கும் ரெண்டு வழி. சைப்ரஸ் போட்டா பிளாங்கா, வெளுப்பு கிட்டார். ரோஸ்வுட் போட்டா நெக்ரா, கருப்பு. சைப்ரஸ் ஸ்பெயின்ல உள்ளூர் மரம், லேசு, அறுத்தா எலுமிச்சையும் பிசினும் கலந்த மாதிரி ஒரு வாசனை பட்டறை முழுக்க நிக்கும். பழைய ஃபிளமெங்கோ சத்தம்னு சொல்றது இதுதான், வறட்டு சத்தம், வெட்டி விட்ட மாதிரி நிக்கும். நெக்ரா கொஞ்சம் கனமா, நீளமா ஒலிக்கும், பெரிய மேடைல தனியா வாசிக்கறவங்க கேக்கறது அது. ஊட்டி பக்கத்து சைப்ரஸ் ஒரு பலகை வாங்கி பாத்தேன், முடிச்சு முடிச்சா இருந்துச்சு, அதுல ஸ்பைஸ் பாக்ஸ்தான் செஞ்சேன்.

ரோஸ்வுட்ட பத்தி ஒரு வேடிக்கை. ஸ்பெயின்காரங்க நெக்ராவுக்கு போடறதே நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தத்தான். ஆனா இங்க தோட்டத்துல நிக்கற ஈட்டி மரத்த அனுமதி இல்லாம வெட்ட கூடாதுன்னு 1994லயே தமிழ்நாட்டுல அதுக்குன்னு தனி சட்டம் போட்டாங்க. லைசன்ஸ் இருக்கற டிப்போல வாங்குங்க, பில்ல பத்திரமா வைங்க. 2017 ஜனவரில இருந்து ரோஸ்வுட் குடும்பமே சைட்ஸ் பட்டியல்ல, அதாவது அழிஞ்சு போற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தத்தோட பட்டியல்ல, இருக்கு, 2019 கடைசில செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு விலக்கு குடுத்தாங்க. வெளிநாட்டுக்கு வாசிக்க போறவங்க இந்த பில்லோட ஒரு நகல கேஸ்ல வச்சுனு போனா நிம்மதி. செம்மரத்துல செஞ்சு தர முடியுமான்னு மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க. ஜவ்வாது மலைல எத்தன குடும்பம் அந்த மரத்தால நாசமா போச்சுன்னு தெரிஞ்ச ஊர்ல ஒக்காந்துனு அத நான் தொட மாட்டேன்.

கழுத்துக்கு ஸ்பானிஷ் செடார் கெடைச்சா நல்லது, இல்லன்னா நல்லா காஞ்ச மகோகனி. ஃபிங்கர்போர்டுக்கு கருங்காலி. பிரிட்ஜுக்கு ரோஸ்வுட்.

எப்ப ஒட்டறது, எதால ஒட்டறது

வேலூர வெயிலூர்னு கிண்டல் பண்றாங்க இல்ல, கிட்டார் செய்யறவனுக்கு அது கிண்டல் இல்ல. கத்திரில 40 டிகிரிக்கு மேல காயுது, நவம்பர்ல வடகிழக்கு மழை புடிச்சா சுவரே வேர்க்குது. ஸ்ப்ரூஸ் ரேகைக்கு குறுக்கால சுருங்கும், விரியும். 360 எம்எம் அகல பலகை நல்ல ஈரத்துல இருந்து நல்ல காய்ச்சலுக்கு போனா 2 எம்எம்க்கு மேல சுருங்கிடும். அத சுருங்க விடாம உள்பக்கம் ஒட்டுன குறுக்குசட்டம் புடிச்சுனு இருந்தா அது எங்கயாவது வெடிச்சுத்தான் ஆகணும்.

நான் பண்ண தப்பு: ஒரு கிட்டாருக்கு முதுகு சட்டங்கள மழை வாரத்துல ஒட்டுனேன், டெலிவரி அவசரம். மே மாசம் ஒரு மத்தியானம், நான் சாப்புட்டுனு இருக்கேன், பட்டறைல டப்புன்னு சத்தம், எலி எதையோ தள்ளிடுச்சுன்னு நெனச்சேன். போய் பாத்தா நடு ஜாயிண்ட் ஒரு சாண் நீளத்துக்கு வாய பொளந்துனு கீது.

அதுக்கப்பறம் ஒரே ரூல். ஈரமானி, ஹைக்ரோமீட்டர்னு கேட்டா சில நூறு ரூபாய்க்கே கெடைக்கும், ரெண்டு வாங்குங்க, ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டி குடுக்கும். 45ல இருந்து 50 சதவீதம் இருக்கும்போதுதான் சட்டம் ஒட்டறது, பெட்டி மூடறது. காஞ்ச நெலைல கட்டுன கிட்டார் ஈரத்துல கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். ஈரத்துல கட்டுனது காஞ்சா வெடிக்கும். ஒரு சின்ன ரூம்ல பழைய ஏசிய டிரை மோடுல போட்டு பலகைங்கள ரெண்டு வாரம் முன்னாடியே உள்ள அடுக்கி வச்சிடறேன்.

பசை விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு சொத்து இருக்கு. எங்க நைனா கதவு ஜன்னல் செஞ்ச தச்சர், அவர் காலத்துல எல்லாமே வஜ்ஜிரம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் ஷாப்பு நெறஞ்ச பக்கம், தோல்ல சுரண்டி எடுக்கற சவ்வுல இருந்து வர்ற பசை. நாத்தம் புடிக்காம நான் சின்ன வயசுல ஓடுவேன், இப்ப அதையே தேடி போறேன், ஸ்பெயின்லயும் அந்த காலத்துல இதுதானே. காஞ்சா கண்ணாடி மாதிரி இறுகும், வெள்ளை பசை மாதிரி வெயில்ல நெகிழ்ந்து நகராது, பின்னால ரிப்பேர்க்கு சூடும் தண்ணியும் காட்டுனா விட்டு குடுக்கும். ராத்திரி பச்ச தண்ணில ஊற போடுங்க, காலைல ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி வச்சு அதுக்குள்ள இன்னொரு டப்பால வச்சு 60 டிகிரில உருக்குங்க, கொதிச்சுதுன்னா வலு போச்சு, கொட்டிடுங்க. மார்கழி காலைல தடவுன நிமிஷமே தோல் கட்டிக்கும், அதனால மரத்த முன்னாடியே சூடு பண்ணிக்கணும். மே மாசத்துல அந்த பிரச்சன இல்ல, வேலூர் வெயில் நமக்கு உதவி பண்ற ஒரே எடம் இது.

முன்பலகை

ரெண்டு பாதியையும் சேத்து புடிச்சு ஓரத்த நீள இழைப்புளில இழைங்க. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதுக்க தூக்கி பாத்தா நடுவுல ஒரு கீத்து வெளிச்சம் கூட வர கூடாது, வந்தா திருப்பி இழைங்க, பசை ஓட்டைய அடைக்கும்னு நெனைக்காதீங்க. ஒட்டி, நடு ஓட்டைய சுத்தி வர்ற அலங்கார வளையம், ரோஸெட்டுன்னு சொல்றது, அத பதிச்சு, ஓட்டை வெட்டி, அப்பறம் மெல்லிசாக்கறது. நான் நடுவுல 2 எம்எம், ஓரத்துல 1.8 பக்கம் நிறுத்தறேன். ஆனா காலிபர் பாதிதான், மீதி கட்டைவிரல். பலகைய ரெண்டு கையாலயும் புடிச்சு ரேகைக்கு குறுக்கால லேசா வளைங்க, அப்பளத்துக்கு இட்ட மாவு காஞ்சும் காயாம இருக்கும்போது தூக்குனா ஒரு தளர்வு இருக்குமே, அது வர்ற வரைக்கும் இழைங்க. கெட்டி பலகைன்னா இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், சோப்ளாங்கி பலகைன்னா 2.2லயே நிறுத்துங்க.

உள்ள விசிறி மாதிரி சட்டங்க போகும். இந்த அமைப்ப நெலைக்க வச்சது அல்மேரியாகாரர் அன்டோனியோ டி டொர்ரெஸ், 1817ல பொறந்து 1892ல செத்தவர், அவரோடது ஏழு விசிறி, இன்னிக்கும் பாதி உலகம் அதத்தான் காப்பி அடிக்குது. ஃபிளமெங்கோக்கு அஞ்சு போடறவங்களும் இருக்காங்க, நான் ஏழுதான், ஒவ்வொண்ணும் 5 எம்எம் அகலம், மூணரைல இருந்து 4 ஒசரம், முனைங்கள ஒண்ணுமில்லாம சீவி விட்டுடறேன். சட்டத்துக்கு ஸ்ப்ரூஸ கோடாலில பிளந்த மாதிரி பிளந்து எடுங்க, ரம்பத்துல அறுத்தா ரேகை அறுந்து போகும். ஓட்டைக்கு மேலயும் கீழயும் ஒரு கனமான குறுக்குசட்டம். கோல்பே விழற எடத்துக்கு அடில சட்டமே இல்லாம வெத்தா விடாதீங்க, அதுக்குத்தான் மொதல்ல உங்கள ஒரு மணி நேரம் சும்மா ஒக்காந்து பாக்க சொன்னேன்.

பக்கம் வளைக்கறது, கழுத்து, பெட்டி

சைப்ரஸ் பக்கம் 1.8 எம்எம், ரோஸ்வுட்னா இன்னும் கொஞ்சம் மெல்லிசா ஆக்குனாதான் வளையும். வளைக்க ஒரு இரும்பு பைப்ப வைஸ்ல கட்டி உள்ள சூடு காட்டுங்க. தண்ணி குழாய்க்கு போடற ஜிஐ பைப் வேணாம், அதோட துத்தநாக பூச்சு ரொம்ப சூடானா வர்ற புகை ஒடம்புக்கு கெடுதல், கருப்பு இரும்பு இல்ல ஸ்டெயின்லெஸ் எடுங்க. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா குதிக்குமே, அந்த பதம். மரத்த லேசா நனைச்சு பைப் மேல வச்சு தள்ளாம காத்துனு இருங்க, மரம் தானா விட்டு குடுக்கற ஒரு நொடி கைல தெரியும், அப்ப வளைங்க. இடுப்பு வளைவுல மொத தடவ எல்லாருமே ஒரு பக்கத்த ஒடிப்பாங்க, ஒரு ஜோடி கூடவே வாங்கி வைங்க.

ஒடம்பு ஆழம் அடில 92, கழுத்துகிட்ட 88. கிளாசிக்கல விட கம்மி, அந்த வெட்டு சத்தம் இதுலயும் கொஞ்சம் வருது.

ஸ்பெயின் முறைல கழுத்த தனியா செஞ்சு கடைசில மாட்டறதில்ல. கழுத்தோட அடிக்கட்டைல ரெண்டு பக்கமும் ரம்பத்தால காடி போட்டு, அதுக்குள்ளயே பக்கபலகைய சொருகிடறாங்க, கழுத்தும் பெட்டியும் ஒரே உசுரு. சோலெரான்னு ஒரு பலகை அச்சு செய்யணும், கிட்டார் வடிவத்துல, அது மேல முகம் கீழ பாக்கற மாதிரி கவுத்து போட்டு எல்லாத்தையும் சேக்கறது. சோலெரால பிரிட்ஜ் எடத்துல 2 எம்எம் குழிவா செதுக்குங்க, குவிவு அதுல இருந்து வரும். கழுத்து ஒக்கார்ற வாலு நட்டு முனைல ரெண்டரை எம்எம் தாழ்ந்து போகணும், கவுத்து போட்டதால தூக்கறது இங்க தாழ்த்தறது ஆயிடும். இத நான் சோலெரா மேலயே மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன், ரெண்டரை கீழன்னு.

முன்பலகையும் பக்கமும் சேர்ற மூலைல பெயோனஸ்னு சின்ன சின்ன மரத்துண்டுங்க, ஒண்ணொண்ணா வஜ்ஜிரம் தொட்டு விரலால அமுத்தி ஒட்டணும், ஒரு கிட்டாருக்கு நூறுக்கு மேல வரும். பாட்டு போட்டுனு ஒக்காந்தா ஒரு சாயங்காலம். முதுகுக்கு மூணு குறுக்குசட்டம், அதுவும் லேசா வளைவா. மூடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு தடவி பசை கட்டி, பிசிறு எல்லாம் சுத்தம் பண்ணுங்க, அப்பறம் அந்த பக்கம் போக முடியாது. பைண்டிங், ஓர பட்டை எல்லாம் வழக்கமான வேலை, மேசை செஞ்சவங்களுக்கு தனியா சொல்ல ஒண்ணுமில்ல.

ஃபிரெட்டு

650ஐ 17.817ல வகுத்தா 36.48, அது மொத ஃபிரெட். மீதி நீளத்த திரும்ப 17.817ல வகுத்துனே போங்க. ஆனா அளக்கும்போது ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டுல இருந்துதான் அளக்கணும், ஒண்ணுல இருந்து ஒண்ணு அளந்தா சின்ன தப்பு சேந்து சேந்து பத்தொம்பதாவது ஃபிரெட்ல பெரிய தப்பாயிடும். சரிபாக்க மூணு எண்ண வச்சுக்கோங்க, அஞ்சாவது 163.05, ஏழாவது 216.18, பன்னெண்டாவது 325. இது சரியா இருந்தா மத்ததும் இருக்கும்.

ஃபிரெட் கம்பி முனைய வெட்டி அரத்தால உருட்டறத கடைசி வரைக்கும் தள்ளி போடுங்க, முடிஞ்சா ஒரு கத்திரி தாண்டட்டும். கருங்காலி காஞ்சு சுருங்கும், பித்தளை நிக்கல் சுருங்காது, முனை வெளிய நீட்டினு கைய கிழிக்கும்.

தலைல கம்பி முறுக்க மரக்கட்டை முறுக்காணியா, பல்சக்கரம் வச்ச மெஷின் ஹெட்டான்னு கேப்பாங்க. முறுக்காணி லேசு, பழைய ஸ்டைல், வீணை வாசிச்சவங்களுக்கு பழக்கமான அவஸ்தை. ஏசில இருந்து மண்டபத்துக்கு ஓடற ஆளுக்கு மெஷின் ஹெட்தான்னு நான் சொல்லிடுவேன், பாட்டுக்கு நடுவுல சுதி சேக்க நின்னா கூட்டம் போன எடுத்துடும்.

பாலிஷ், கோல்பியடோர், பிரிட்ஜ்

அரக்கு பாலிஷ்தான். ஜார்கண்ட் பக்கத்து அரக்கு உலகத்துக்கே போகுது, நமக்கு சுலபமா கெடைக்கும், மெழுகு நீக்குன செதிலா கேட்டு வாங்குங்க. ஸ்பிரிட்ல கரைச்சு, பழைய பனியன் துணில பஞ்ச மூட்டை கட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்ட வட்டமா, மெல்லிசா, பல நாளு. ஜன்னல தொறந்து வச்சு செய்யுங்க, அந்த ஸ்பிரிட் விஷம். மழை நாள்ல தொடாதீங்க, பாலிஷ் பால் மாதிரி வெளுத்துடும். முன்பலகைக்கு கம்மியா போடுங்க, தடிச்ச பாலிஷ் சத்தத்த போர்வை போத்துன மாதிரி பண்ணிடும்.

பிரிட்ஜ மொதல்ல ஒட்டாதீங்க. ரெண்டு ஓர கம்பியையும் நூல் மாதிரி இழுத்து கட்டி, ஃபிங்கர்போர்டு ரெண்டு ஓரத்துல இருந்தும் சமமா விழுதான்னு பாத்து, நட்டுல இருந்து 650ம் அதுக்கு மேல ஒண்ணரை ரெண்டு எம்எம்மும் வச்சு சாடில் முன்முனைக்கு கோடு போடுங்க. அந்த கூடுதல் எதுக்குன்னா, கம்பிய அமுக்கும்போது இழுபட்டு சுதி ஏறும், அத ஈடு கட்ட. பிரிட்ஜ் எடத்துல அரக்க சுரண்டி வெறும் மரத்துக்கு வாங்க. பிரிட்ஜ் அடிப்பக்கத்த, பலகை மேல உப்புத்தாள விரிச்சு அது மேலயே தேச்சு, குவிவோட படிய வைங்க. வஜ்ஜிரம், கிளாம்ப், ஒரு நாள் தூக்கம். கம்பி அன்னிக்கே கட்ட கூடாது.

கோல்பியடோர்னா தட்டு விழற எடத்துல ஒட்டற மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அது இல்லாம குடுத்தா ஸ்ப்ரூஸ் மூணு மாசத்துல பள்ளமாயிடும். அந்த பசை ஈர அரக்கு மேல போனா அரக்கோடயே உரிஞ்சு வரும், பாலிஷ் முடிஞ்சு மூணு நாலு வாரம் ஆற விட்டுதான் ஒட்டறது. காத்து குமிழி வராம இருக்க ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு பழைய ஏடிஎம் கார்டால தேச்சுனே போங்க, மொபைல் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டறவங்க கிட்ட பத்து நிமிஷம் நின்னு பாத்தா தெரிஞ்சுடும்.

கம்பி கட்டுன அப்பறம்

நட்டும் சாடிலும் எலும்புல. மாட்டெலும்பு வேக வச்சு கொழுப்பு எடுத்து வெயில்ல வெளுத்தது. பன்னெண்டாவது ஃபிரெட்ல தடிச்ச கம்பி 3 எம்எம், மெல்லிசு கம்பி ரெண்டரை, பிரிட்ஜ்ல 8. அடிச்சு வாசிச்சா ஃபிரெட்டுல லேசா ஜிர்ருன்னு ஒரு சத்தம் வரும். கிளாசிக்கல் ஆளு அத ரிப்பேர்ம்பாரு. ஃபிளமெங்கோல அது வேணும், அளவா. தம்பூரால ஜீவாளி நூல நகத்தி நகத்தி அந்த ரீங்காரத்த தேடறோம் இல்ல, அந்த மாதிரி ஒரு எடம், ஆனா இங்க மெதுவா வாசிச்சா சுத்தமா இருக்கணும், ஓங்கி அடிச்சா மட்டும் ஜிர்ருங்கணும். இத நீங்க தனியா முடிவு பண்ணாதீங்க, வாசிக்கற ஆள கூப்புட்டு ஒக்கார வச்சு சாடில உப்புத்தாள்ல ரெண்டு தேய், கேளு, ரெண்டு தேய், கேளு.

ரெண்டாவது கிட்டாருக்கு தம்பி வந்தப்ப சாயங்காலம் ஆறு மணி. ஒக்காந்து ஒரு ரஸ்கியாடோ விட்டான், நடுவுல தட்டுனான். நகம் பலகைல பட்டு உடனே கம்பிக்கு திரும்புச்சு, பக்கத்து வெல்டிங் கடைல கிரைண்டர ஆஃப் பண்ணிட்டு எட்டி பாத்தாங்க. அப்பறம் சுண்டுவிரல பிரிட்ஜ்கிட்ட விட்டு பாத்தான். நகம் வரைக்கும் போய் நின்னுச்சு. "தோ, இதுணா"ன்னான்.

மொத ரெண்டு மாசம் பலகை அசைஞ்சுனே இருக்கும், அதனால ஆறு வாரத்துல ஒரு தடவ கொண்டாற சொல்லி சேத்தே பேசிடுங்க. பூட்டுன கார்ல வைக்க கூடாதுன்னு எழுதியே குடுங்க, மே மாசத்துல கோட்டை பக்கத்துல ரெண்டு மணி நேரம் நிறுத்துன கார்ல பிரிட்ஜ் பிச்சுனு வந்த கிட்டார் ஒண்ணு என்கிட்ட ரிப்பேருக்கு வந்துருக்கு, அது வெள்ளை பசைல ஒட்டுனது. கேஸ்ல ஒரு சின்ன ஈரமானி போட்டு குடுங்க.

கூடவே நான் ரெண்டு சாடில் குடுக்கறேன். கத்திரில பலகை காஞ்சு எறங்கும், கம்பியும் எறங்கி எல்லா கம்பியும் ஜிர்ருங்கும். ஐப்பசில பலகை உப்பி ஏறும், விரலுக்கு வலி எடுக்கும். அதனால ஒண்ணு ஒசரம், ஒண்ணு அரை எம்எம் குட்டை. அடில பென்சில்ல வெயில், மழைன்னு எழுதி சின்ன கவர்ல போட்டு கேஸ் பாக்கெட்டுல வச்சிடறேன். தம்பி போன மாசம் போன் பண்ணான், "அண்ணா, சென்னைக்கு எத போடறது?"ன்னு. மழைய போடுன்னேன்.